தோட்ட நகரத்து எம்.ஓ. ஒருவர், மூன்று வழிகாட்டிகள்: அறுவை மருத்துவப் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் மருத்துவர் ஒரே ஆள் அல்ல. மலேசியாவில் பேராக், கெடா, சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நகரங்களின் அரசாங்க மருத்துவமனைகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரு முகமாக்கி எழுதியிருக்கிறோம். ஆளும் கோப்புகளின் எண்ணிக்கையும் மாதிரி. விதிகள், படிவங்கள், அறுவை முறைகள் மட்டும் உள்ளபடியே.

நிலைமை

வயது 29. தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகள், அதன் பிறகு மருத்துவம். இரண்டாண்டு எச்.ஓ. (பயிற்சி மருத்துவர்) பயிற்சியில் நான்கு நான்கு மாதமாக ஆறு துறைகளைச் சுற்றி முடித்து, இப்போது அறுவைத் துறையில் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி). அடுத்த இலக்கு பொது அறுவையில் நான்காண்டு மாஸ்டர்ஸ். அதையும் தாண்டி, பல்கலைக்கழகத்தில் அறுவை விரிவுரையாளராக வேண்டும் என்பது ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆறாவது மாதம் ஒருவர் கேட்டபோதுதான் வாயிலிருந்து வந்தது.

மருத்துவமனை சிறியது. இரண்டு அறுவை நிபுணர்கள், ஐந்து எம்.ஓ.க்கள். அவசர அறுவை அரங்கு ஒன்றே ஒன்று. பிரசவத் துறையும் எலும்புத் துறையும் அதில் பங்குக்கு வரும். சிக்கலான நோயாளி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். 2016 டிசம்பருக்குப் பிறகு எச்.ஓ.க்களை ஒப்பந்தத்தில் சேர்க்கும் முறை வந்துவிட்டதால், யார் எத்தனை மாதம் இதே வார்டில் இருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வழிகாட்டுதலைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடைசி விஷயத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் ஆறு மாதக் கணக்கு இது: உதவியாளராக நின்ற அறுவைகள் 71. 'சொந்தமாகச் செய்தது' என்று பதிவேட்டில் எழுதியவை 4, நான்குமே குடல்வால் அறுவை. ஆய்வு எதுவுமில்லை. பிரிட்டிஷ் அறுவைக் கல்லூரிகளின் எம்.ஆர்.சி.எஸ். தேர்வுக்குப் பதிவுகூடச் செய்யவில்லை.

மூத்த நிபுணர் கடிந்து பேசுபவர் அல்ல. முதல் நாளே "எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க" என்று சொன்னவர். கோளாறு தொடங்கியது அங்கேதான். வார்டு ரௌண்டு, கிளினிக், அரங்கு என்று ஓடும் மனிதரிடம் 'எப்போது வேண்டுமானாலும்' என்ற நேரம் கிடையாது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பெரியவர் வேலையாக இருக்கும்போது குறுக்கே போய் நிற்கக் கூடாது என்பது சின்ன வயதிலேயே ஊறிப்போன பாடம். கிராணி (தோட்டத்து எழுத்தர்) முன்னால் கைகட்டி நின்ற தாத்தாவின் பேத்தி, 'மிஸ்டர்' முன்னால் போய் "எனக்கு ஆய்வு செய்யணும்" என்று எப்படித் தொடங்குவார்? (பிரிட்டிஷ் வழக்கப்படி நம் ஊரிலும் அறுவை நிபுணர்களுக்கு டாக்டர் பட்டம் போய் மிஸ்டர், மிஸ் என்றாகிவிடும்.) அவர் கேட்காததை மிஸ்டர் ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டார். மிஸ்டர் கூப்பிடாததை இவர் தகுதியின்மை என்று எடுத்துக்கொண்டார். இருவர் மீதும் தவறில்லை, ஆனால் ஆறு மாதம் போனது போனதுதான்.

ஒரே தலையில் மூன்று வேலை

தமிழில் குரு என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமாக இருக்கிறது. கை பழக்குபவரும் குரு, அறிவு தருபவரும் குரு, நாலு பேரிடம் நம்மைப் பற்றிச் சொல்லி இடம் வாங்கித் தருபவரும் குரு. சொல் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். மேற்கத்திய அறுவை உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிய பயிற்சிமுறைதான் இன்றைய அறுவைப் பயிற்சிகளுக்கெல்லாம் மூலம். அவரிடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்த 17 பேரில் 11 பேர் பிற்பாடு வேறு இடங்களில் இதே மாதிரிப் பயிற்சித் திட்டங்களைத் தொடங்கினார்கள். இந்த எண்ணைச் சொல்லி ஒற்றைக் குரு முறையைப் பெருமைப்படுத்துவார்கள். அந்த முறை கூம்பு மாதிரி, கீழே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மேலே போவதற்குள் உதிர்ந்துவிடுவார்கள் என்பதையும், அங்கே அரங்கும் ஆய்வகமும் வேலை கொடுக்கும் அதிகாரமும் ஒரே ஆளின் கையில் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

இரண்டு நிபுணர்கள் மட்டும் இருக்கும் மருத்துவமனையில் அது நடவாது. 2006-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு மீளாய்வின்படி, மருத்துவ மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வழிகாட்டி இருந்தார். சில துறைகளின் ஆசிரியர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பெரிய பல்கலைக்கழகங்களின் நிலையே அது.

ஆகவே ஏழாவது மாதம் வேலையைப் பிரித்தார்கள். கை பழக்கும் பொறுப்பு உள்ளூர் மிஸ்டருக்கு. ஆய்வு கற்றுத்தரும் பொறுப்பு மாநிலப் பெரிய மருத்துவமனையின் மருத்துவ ஆய்வு மையத்தில் இருந்த ஒருவருக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 30 நிமிடம், இணையவழி. சிபாரிசுப் பொறுப்பு இரண்டாவது நிபுணருக்கு. பல்கலைக்கழகத்தில் படித்து வந்து அங்கே இன்னமும் தொடர்புள்ளவர் அவர். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தது இரண்டு ஆண்டில் மூன்றே முறை. அதுவே போதுமாக இருந்தது.

ஒவ்வொரு சந்திப்புக்கும் 48 மணி நேரம் முன்னதாக அரைப் பக்கம் அனுப்ப வேண்டும் என்பது ஒரே விதி. நான்கு வரி: போன முறைக்குப் பிறகு முடித்தது, சிக்கி நிற்பது, உங்களிடமிருந்து வேண்டிய முடிவு, அடுத்த தேதி. மூன்றாவது வரிதான் உயிர். 'என்ன செய்யலாம் என்று தெரியவில்லை' என்று எழுதினால் தாள் திரும்பி வரும். 'அ அல்லது ஆ, எனக்கு அ சரியென்று படுகிறது, காரணம் இது' என்று எழுதினால்தான் சந்திப்பு. கேட்கக் கூச்சப்படுபவருக்குத் தாள் பெரிய உதவி. வாயால் கேட்க முடியாததைக் கை எழுதிவிடும்.

அரங்கில்: பதிவேடு சொல்லாத உண்மை

'சொந்தமாகச் செய்தது 4' என்ற வரியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. திறந்த முறைக் குடல்வால் அறுவையை ஏழு கூறாகப் போட்டார்கள்.

முதல் கூறு, கீறல் இடம். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு. எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கில் உள்ள புள்ளி. அதன் மேல் தோலின் மடிப்பை ஒட்டிக் குறுக்குக் கீறல். உள்பக்கம் தள்ளிப் போனால் நேர்வயிற்றுத் தசையின் உறையில் போய் முட்டி, கீழே வழி தெரியாமல் தடுமாற வேண்டும். இரண்டாவது, வெளிச்சாய்தசையின் வெண்படலத்தை நார் போகும் திசையிலேயே வெட்டி, அதற்குக் கீழுள்ள இரண்டு தசைகளையும் வெட்டாமல் பிளந்து விலக்குவது. மூன்றாவது, வயிற்று உள்ளுறையை இரண்டு கிளிப்பில் தூக்கி, விரலிடையில் உருட்டிப் பார்த்து, குடல் சேர்ந்து மாட்டவில்லை என்று உறுதியான பிறகே திறப்பது. நான்காவது, குடல்வாலைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருவது. ஐந்தாவது, அதன் தாங்குமடியில் ஓடும் இரத்தக்குழாயைக் கட்டுவது. ஆறாவது, அடியைக் கட்டி அறுப்பது. ஏழாவது, துடைத்து, பஞ்சுத்துணிகளின் எண்ணிக்கை சரிபார்த்து மூடுவது.

ஒவ்வொரு கூறுக்கும் ஸ்விஷ் அளவுகோலில் ஒரு எண் போட வேண்டும். அமெரிக்க அறுவைப் பயிற்சியிலிருந்து வந்த அளவுகோல் இது, நாலே படி. ஒன்று, மூத்தவர் செய்துகாட்டிச் சொல்கிறார். இரண்டு, மூத்தவர் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இளையவரைச் செய்யவைக்கிறார். மூன்று, இளையவர் வழிநடத்த, மூத்தவர் சொன்னதைப் பிடிக்கிறார். நான்கு, மூத்தவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். நம் கருத்தில், படியை முடிவுசெய்ய எளிய வழி ஒன்று உண்டு: அந்த நிமிடம் மூத்தவரின் வலது கை எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ரிட்ராக்டரை (காயத்தை விரித்து வைக்கும் கருவி) பிடித்திருந்தால் மூன்று. ஃபோர்செப்ஸை (இடுக்கி) நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு. காயத்துக்குள் விரல் போயிருந்தால் ஒன்று, வாய் என்ன சொன்னாலும் சரி.

அந்த நான்கு அறுவைகளையும் நினைவிலிருந்தும் அறுவைக் குறிப்பிலிருந்தும் எண் போட்டபோது, 1, 2, 3, 7 ஆகிய கூறுகளில் இரண்டாம் படி, மூன்றாம் படி. நான்காவது கூறில் நான்கு தடவையும் முதல் படி. குடல்வால் இரண்டு நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றதும் மிஸ்டரின் விரல் உள்ளே போய், சுழற்றி, வெளியே கொண்டுவந்துவிட்டது. அவருக்கே அது தெரியாது. முப்பது ஆண்டுப் பழக்கம். அவர் வெளியே எடுத்துவைத்ததைத்தான் இவர் கட்டி அறுத்திருக்கிறார். குடல்வால் அறுவையில் கற்க வேண்டிய பெரும்பங்கு அந்த நான்காவது கூறில் இருக்கிறது. பதிவேட்டில் 'சொந்தம்' என்றிருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட ஏற்பாடு: நான்காவது கூறில் மிஸ்டரின் கை ரிட்ராக்டரை விட்டு நகராது. முதல் பத்து நிமிடம் வாய் மட்டும். வார்த்தையும் எண்ணிக்கொண்டுதான்: "சீக்கம் எங்க? டீனியா எங்க? அதப் பிடிச்சுக் கீழ போங்க." சீக்கம் என்பது பெருங்குடலின் தொடக்கம்; டீனியா, பெருங்குடலின் மேல் ஓடும் தசைப்பட்டை. அந்த மூன்று பட்டைகளும் வந்து கூடும் இடமே குடல்வாலின் அடி. சீக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் இந்த வழி பிசகாது. புதியவர்கள் செய்யும் பிழை, பட்டையை விட்டுவிட்டு விரலால் துழாவுவது. வீங்கிய திசுவில் துழாவினால் கிழியும், இரத்தம் வரும், இருந்த தெளிவும் போகும்.

ஐந்தாவது கூறில் வந்த பிழை வேறு. தாங்குமடி வீங்கிக் கனத்திருக்கும்போது ஒரே பிடியாகப் பிடித்து ஒரே முடிச்சில் கட்டினால், உள்ளே இருக்கும் குழாய் நழுவிப் பின்வாங்கிவிடும். அப்புறம் ஆழத்தில் தேட வேண்டும். இரண்டு மூன்று சிறு பிடிகளாகப் பிரித்துக் கட்டினால் இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

எந்த நோயாளியிடம் கற்பது என்பதும் முடிவு செய்ய வேண்டியதே. வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிய நோயாளி இதற்கு ஏற்றவர் அல்ல. இரவு இரண்டு மணிக்குப் பிரசவத் துறை அரங்குக்காகக் காத்து நிற்கும்போதும் பத்து நிமிடம் பொறுமை யாரிடமும் இராது. பகலில், நிலையாக இருக்கும் நோயாளியை மயக்க மருத்துவரிடமும் சொல்லிவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது.

தோல் தையல் போடும் நேரமே பேச்சுக்கு. எங்கே நேரம் போனது, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்ற இரண்டு கேள்வி. பதிலை அன்றே புத்தகத்தில் எழுத வேண்டும். மிஸ்ஸிகள் (நர்ஸுகள்) முன்னால் திட்டுவதில்லை என்ற ஒப்பந்தமும் இருந்தது. திட்டு வாங்கியவருக்குப் பல நாள் கழித்தும் திட்டு நினைவிருக்கும், எதற்காகத் திட்டினார் என்பது மறந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெண் எம்.ஓ.க்களுக்கு வரும் தடை பெரும்பாலும் கொடுமையாக வருவதில்லை, கருணையாக வருகிறது. "ராத்திரி ஆன்-கால் பார்த்திருக்கீங்க, பாவம், போய் ரெஸ்ட் எடுங்க, இத அவர் பார்த்துக்குவார்." அவர் பார்த்துக்கொண்ட அறுவை அவர் பதிவேட்டில் ஏறும். இந்த நிகழ்வில் ஒன்பதாவது மாதம் இரண்டு ஆண் எம்.ஓ.க்களின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மிஸ்டருக்கே விளங்கியது. ஓய்வு தேவையா என்று அவரிடமே கேட்பது என்று மாற்றினார்கள்.

பி.எச்.டி. அறை

நம் மருத்துவமனைகளில் உள்நோயாளி கோப்புக்குப் பெயர் பி.எச்.டி. படுக்கைத் தலைமாட்டில் தொங்கிய சீட்டின் ஆங்கிலப் பெயருக்கு (பெட் ஹெட் டிக்கெட்) முதலெழுத்துச் சுருக்கம். பல்கலைக்கழகப் பிஎச்.டி.க்கும் இதற்கும் தமிழில் எழுதினால் புள்ளி ஒன்றுதான் வித்தியாசம். தூரமும் அவ்வளவு அதிகமில்லை. தோட்ட நகரத்தில் ஆய்வகம் கிடையாது, உறைநிலைப் பெட்டி கிடையாது. பதிவேட்டு அறையில் அடுக்கி வைத்த கோப்புகள்தான் மூலதனம்.

முதலில் அவர் கொண்டுவந்த திட்டம், குடல்வால் அழற்சி நோயாளிகளைப் பற்றிய 'எல்லாம்'. எக்செல் தாளில் 62 நிரல். ஆய்வு வழிகாட்டி கேட்ட கேள்வி ஒன்றே: "முடிவில் ஒரு வாக்கியம் எழுதணும்னா என்ன எழுதுவீங்க?" அதற்குப் பதில் கண்டுபிடிக்கவே இரண்டு சந்திப்பு ஆனது. கடைசியில் கேள்வி இப்படிச் சுருங்கியது: வலி தொடங்கி மருத்துவமனைக்கு வர எடுத்த நேரத்துக்கும், அறுவையின்போது குடல்வால் வெடித்திருந்ததற்கும் என்ன தொடர்பு? நிரல்கள் 14 ஆயின. குடல்வால் அழற்சிதானா என்று கணிக்கும் அல்வராடோ மதிப்பெண்ணுக்கான எட்டுக் கூறுகளும் (மொத்தம் 10, வலது அடிவயிற்றை அழுத்தும்போது வரும் வலிக்கும் வெள்ளணு உயர்வுக்கும் தலா 2, மற்றவற்றுக்கு 1) தனித்தனி நிரலாக இல்லாமல் ஒரே எண்ணாக உட்கார்ந்தன.

கணக்கு ஏன் சுருங்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுக்கு 168 கோப்பு கேட்டதில் 151 கிடைத்தது. அதில் வெடித்தது 34. ஒவ்வொரு காரணிக்கும் குறைந்தது பத்து நிகழ்வாவது வேண்டும் என்பது வழக்கமான கைக்கணக்கு. 34 நிகழ்வுக்கு மூன்று காரணிக்கு மேல் ஒரே சமன்பாட்டில் போட்டால் விடை வரும், ஆனால் அது காற்றில் வந்த விடை. 62 நிரலை நிரப்பியிருந்தால் 59 வீண் உழைப்பு.

அடுத்த இடறல் அனுமதியில். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனிக் கணக்கு, ஆய்வாளர்–துறைத்தலைவர்–நிறுவனம் மூவரும் ஒப்பமிட்ட படிவம், திட்ட வரைவு. பிறகு மருத்துவ ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல். அவர் ஆர்வத்தில் ஒப்புதலுக்கு முன்பே 37 கோப்புகளைப் பிரித்துத் தட்டச்சு செய்திருந்தார். பழைய கோப்புதானே, யாருக்கு என்ன நட்டம் என்று தோன்றும். ஒப்புதலுக்கு முன் எடுத்த தரவைப் பயன்படுத்த முடியாது. அந்தத் தாளை அழித்துவிட்டு, கடிதம் வந்தபின் அதே கோப்புகளை மறுபடி எடுக்கச் சொன்னார் வழிகாட்டி. இரண்டு வார உழைப்பு. வழிகாட்டி முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லாதது அவர் பிழை என்று அவரே சந்திப்புக் குறிப்பில் எழுதிவைத்தார்.

மூன்றாவது இடறல் எக்செல்லின் கைங்கரியம். நம் எச்.ஓ.க்கள் வலியின் காலத்தைப் பிரிட்டிஷ் சுருக்கத்தில் எழுதுவார்கள்: 2/7 என்றால் ஏழில் இரண்டு, அதாவது இரண்டு நாள், 3/52 என்றால் மூன்று வாரம், 4/12 என்றால் நான்கு மாதம். கோப்பில் உள்ளதை அப்படியே தட்டியதும் எக்செல் அதைத் தேதியாக்கிவிட்டது. இரண்டு நாள் வலி, ஜூலை 2 ஆனது. கணினியில் அமெரிக்கத் தேதிமுறை இருந்த நாட்களில் தட்டியது பிப்ரவரி 7 ஆனது. திரையில் பார்த்தால் சேர்க்கைத் தேதி மாதிரியே இருக்கும், யாருக்கும் உறுத்தாது. சராசரி கணக்குப் போட்டபோது வலியின் காலம் நாற்பதாயிரத்துச் சொச்சம் நாள் என்று வந்ததும்தான் பிடிபட்டது (எக்செல்லுக்குத் தேதி என்பது 1900-இலிருந்து எண்ணிய நாள்). திருத்தம் எளிது: தட்டுவதற்கு முன்பே அந்த நிரலை உரை வடிவமாக மாற்றுவது, அல்லது மணிக்கணக்கில் மட்டும் எழுதுவது, இரண்டு நாள் என்றால் 48. ஆனால் தட்டிய பிறகு எக்செல்லைக் கேட்டால் அது பழையதைத் திருப்பித் தராது. மறுபடி கோப்புக்குத்தான் போக வேண்டும்.

தூரத்தைக் கணக்கிட்டவர் யார்

14 நிரலில் ஒன்று, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரம். முகவரி ஐ.சி.யிலிருந்து (அடையாள அட்டை) பதிவானது. தோட்டத்திலிருந்து வருபவர்கள் தாமதமாக வருவார்கள் என்பது அவருடைய ஊகம். ஊகத்தை உடைத்தவர் அவசரப் பிரிவின் மூத்த எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்). அந்த நகரத்தில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்பவர். அவர் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர். பட்டியலைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இந்த அட்ரஸ நம்பாதீங்க. அந்தத் தோட்டத்துல லயமே இல்ல இப்ப. எல்லாரும் தாமானுக்கு வந்து வருசம் பத்தாச்சு, ஐ.சி.யத்தான் மாத்தல" என்றார். (லயம், தோட்டத்து வரிசை வீடு; தாமான், நகரக் குடியிருப்பு.) தோட்டத்து முகவரியில் 28 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கில் ஏறியவர், மருத்துவமனைக்குப் பின்பக்கத் தாமானில் குடியிருப்பவர்.

தூர நிரலைத் தூக்கிவிடச் சொன்னவரும் அவரே. மாற்றாக ஒன்றும் சொன்னார்: நோயாளி முதலில் எங்கே காட்டினார் என்று பாருங்கள். பக்கத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை வாங்கித் தின்று, வலி அடங்கியது என்று வேலைக்குப் போய், மறுநாள் வந்தவர்கள் பலர். வரலாற்றுக் குறிப்பில் அது ஒரு வரியாக இருக்கும். புதிய நிரல் சேர்ப்பதால் அறநெறிக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போனது; அதற்கு மறுபடி சில வாரம்.

பட்டமில்லாதவர் கற்றுத்தருவது அறுவை வரலாற்றுக்குப் புதிதல்ல. 1944 நவம்பர் 29-ஆம் தேதி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆல்ஃபிரட் பிளேலாக் 'நீலக் குழந்தை'க்கு (இதயக் குறையால் உடல் நீலம் பாரித்த குழந்தை) முதல் இதய அறுவை செய்தபோது, அவருக்குப் பின்னால் படிக்கட்டு முக்காலி போட்டு நின்று ஒவ்வொரு தையலையும் பார்த்துச் சொன்னவர் விவியன் தாமஸ். கல்லூரிப் பட்டம் எதுவுமில்லாத கறுப்பினத் தொழில்நுட்பர். அந்த அறுவையை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து தேறியவர் அவர். பின்னாளில் புகழ்பெற்ற டென்டன் கூலி போன்றவர்கள் அவரிடம் கை பழகினார்கள். 1976-இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. கட்டுரைகளில் அவர் பெயர் வராமல் போனதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

பெயர் வரிசை

அதே பேச்சு இங்கேயும் வந்தது. கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே தேதி போட்டு எழுதிவைப்பதுதான் நல்லது. இவர்கள் பதினொன்றாவது மாதம்தான் எழுதினார்கள். அதற்குள் துறையில் வழக்கம்போல 'எல்லார் பெயரையும் போட்டுவிடுங்கள்' என்ற பேச்சு எழுந்திருந்தது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வைத்த நான்கு தேர்வுகளையும் பலகையில் எழுதினார் ஆய்வு வழிகாட்டி: திட்டத்திலோ தரவிலோ ஆய்விலோ குறிப்பிடத்தக்க பங்கு, எழுதியதில் அல்லது கருத்தளவில் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும், மூன்று போதாது. அரங்கும் நோயாளியும் தந்தவருக்கு நன்றியுரையில் இடம். அதைச் சொல்ல எம்.ஓ.வால் முடியாது, சொன்னால் பகைதான். வழிகாட்டி சொன்னதால் சிரிப்போடு முடிந்தது. இளையவருக்காக மூத்தவர் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பயனுள்ளது அதிகம் இல்லை.

கதவு

சிபாரிசு என்றால் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். இங்கே அது ஃபோன் போட்டு இடம் வாங்குவது அல்ல. இரண்டாவது நிபுணர் செய்தவை சின்னச் சின்னவை. எம்.ஆர்.சி.எஸ். முதல் பகுதியின் பதிவு நாளை நாட்காட்டியில் போட்டு, அந்த வாரம் ஆன்-கால் பட்டியலிலிருந்து அவரை விலக்கினார். 300 கேள்வி, ஒரே நாளில் இரண்டு தாள், ஐந்து மணி நேரம். முந்தின இரவு கண்விழித்துவிட்டு எழுதக்கூடிய தேர்வு அல்ல அது. துறை சார்பில் யாராவது போய்ப் பேச வேண்டும் என்று வந்த அழைப்புக்கு இவர் பெயரைக் கொடுத்தார். அறுவை மாநாட்டில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடம் அறிமுகப்படுத்தும்போது 'நல்ல பிள்ளை' என்று சொல்லாமல், "151 கோப்பு தனியாளாகப் பார்த்தவர்" என்றார்.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போவார் என்ற வரிகள் எல்லாக் கடிதத்திலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. இந்தக் கடிதத்தில் இருந்தது: குடல்வால் அறுவை 26, நான்காவது கூறில் கடைசி எட்டில் ஆறு மூன்றாம் படி, 30 நாளுக்குள் காயத்தில் சீழ் வைத்தது 2, இரண்டுமே வெடித்த நோயாளிகள், ஆய்வில் முதல் ஆசிரியர். எண்கள் ஸ்விஷ் புத்தகத்திலிருந்து வந்தவை. புத்தகம் இல்லாவிட்டால் எந்த மூத்தவராலும் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

வாரத்தில் அரைநாள் ஆய்வுக்கு ஒதுக்கியதில் மட்டும் சலசலப்பு. மற்ற நான்கு எம்.ஓ.க்களும் அவர் கிளினிக்கைச் சுமந்தார்கள். மூன்றாவது வாரமே முகம் மாறியது. சனிக்கிழமை காலை ரௌண்டை அவர் ஏற்பது, அரைநாள் கேட்டுவரும் எவருக்கும் அதே ஏற்பாடு என்று பொதுவில் சொன்னபின் அடங்கியது. அப்படிக் கேட்டு வந்தவர் அந்த ஆண்டில் ஒருவர்தான்.

மாற்றல் கடிதம்

19-ஆவது மாதம் வந்தது. வேறு மாநிலம், இரண்டு வாரத்தில் சேர வேண்டும். வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அறுந்துபோகின்றன. யாரும் சண்டை போட்டுப் பிரிவதில்லை, மெல்ல ஃபோன் குறையும்.

தயாரிப்பு கொஞ்சம் இருந்தது. நோயாளி அடையாளங்களும் எண்களும் உள்ள சாவித் தாள் மருத்துவமனையிலேயே கடவுச்சொல்லோடு இருந்தது; அவர் எடுத்துப்போனது அடையாளம் நீக்கிய தாள் மட்டும். பதிவேட்டு அறையில் எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் உள்ளூர் மிஸ்டர் பார்ப்பார் என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆய்வு வழிகாட்டி முதலிலிருந்தே இணையவழி என்பதால் அங்கே ஒன்றும் மாறவில்லை. கைப்பயிற்சி முறிந்தது. புதிய மருத்துவமனையில் ஏழு கூறுத் தாளை நீட்டியபோது, அங்கிருந்த நிபுணர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இழப்பை யாராலும் ஈடுகட்ட முடியவில்லை. 24-ஆவது மாதக் கணக்கில் அந்த ஐந்து மாதம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

மற்றபடி கணக்கு இது. எம்.ஆர்.சி.எஸ். முதல் பகுதி இரண்டாவது முயற்சியில் தேறியது. மாநாட்டில் ஒரு சுவரொட்டிக் கட்டுரை. மாஸ்டர்ஸ் விண்ணப்பம் போயிருக்கிறது, முடிவு வரவில்லை. இதழுக்கு அனுப்பும் முன் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதி வாங்க வேண்டும். சுகாதார அமைச்சு மருத்துவமனைகளிலிருந்து வரும் கட்டுரைகளின் நன்றியுரையில் அந்த வரியைப் பார்க்கலாம். அதுவும் வந்துவிட்டது.

கடைசியாக நின்றது எம்.ஏ.யின் பெயர். திட்டத்தை மாற்றியவர் அவர், ஆக முதல் தேர்வில் தேறினார். மற்ற மூன்றுக்கும் அவர் கட்டுரையைப் படித்துத் திருத்தி ஒப்ப வேண்டும். "இங்கிலீஸ்ல நான் என்னத்தப் படிச்சுக் கையெழுத்துப் போடறது டாக்டர், என் பேரு வேணாம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் ஷிஃப்ட் முடிந்ததும் வீடியோ அழைப்பில் இருவரும் உட்கார்ந்து, பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்கள். இரண்டே கால் மணி நேரம். கலந்துரையாடல் பகுதியில், நோயாளிகள் 'மருத்துவ உதவி நாடத் தயங்குகிறார்கள்' என்றிருந்த வரியில் அவர் நிறுத்தினார். தயங்கவில்லை, முதல் நாளே கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள், நம் நிரலே அதைத்தானே சொல்கிறது என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு, நான்காவது ஆசிரியராக அவர் பெயரைச் சேர்த்து அனுப்பினார்கள்.